பாலக்கோட்டில் நிற்கிற ரயிலைப் பற்றிப் பேசுவோம்

வந்தே பாரத் தர்மபுரியில் நின்று போவதை நான் குறை சொல்லவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கோவை–பெங்களூரு வண்டி ஓடத் தொடங்கியபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் எங்கள் சனங்களின் ரயில் அது இல்லை. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் என்று நின்று நின்று போகிற பாசஞ்சர்தான் அது.

போன மாதம் அதில் ஓசூர் போனேன். மாரண்டஅள்ளியில் ஏறிய ஒரு அக்கா, சாந்துச் சட்டியைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டார். பெங்களூரில் கட்டட வேலையாம். ராயக்கோட்டையில் கிராசிங்குக்காக வண்டி நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர், "மேஸ்திரி வேற ஆள வச்சிருவாரு தம்பி" என்றார். அவ்வளவுதான், அப்புறம் அவர் பேசவில்லை.

ஓமலூரிலிருந்து ஓசூர் வரை ஒற்றைப் பாதை. எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சர்தான் ஒதுங்க வேண்டும். பெங்களூரு பக்கத்திலிருந்து ஓசூர் வரைக்கும் இரட்டைப் பாதை வேலையை எடுத்தார்கள். சரி, நல்லது. அது ஓசூரோடு நின்றுவிடக் கூடாது, ஓமலூர் வரை வர வேண்டும். காலையிலும் மாலையிலும் இன்னொரு மெமு, அதாவது மின்சாரத்தில் ஓடும் பாசஞ்சர், விடுவதற்கு அதுதான் வழி.

கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்களே, நினைவிருக்கிறதா? 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி இறங்கியது. கூலிக்காரர் வீட்டில் அந்த 20 ரூபாய் பெரிய காசு.

இந்த ஊருக்கு ரயில் புதிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ரயில் வந்துவிட்டது. இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய பாதை. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்று போட்டது. 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே மாதிரி ஒரு சின்ன ரயில் ஓடியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் மொரப்பூர்ப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போதிருக்கிற சேலம்–பெங்களூரு பாதை 1960-களில் மீட்டர் கேஜாக வந்து, 90-களில் அகலப் பாதையானது. அதில் தர்மபுரிக்கும் ஓசூருக்கும் மறுபடி ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவில்லை. மாவட்டத் தலைநகராகி இத்தனை வருடம் ஆகியும் அங்கே ஒரு ஸ்டேஷன் இல்லை.

மொரப்பூர்–தர்மபுரி 36 கிலோமீட்டருக்கு 2019 மார்ச்சில் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். நாங்கள் இன்னும் சென்னை ரயிலைப் பிடிக்க, பெட்டியும் பையுமாக தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் மொரப்பூர் பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

தர்மபுரியும் ஓசூரும் இருப்பது சேலம் ரயில்வே கோட்டத்தில் இல்லை, ஹூப்ளியைத் தலைமையகமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். நம்முடைய எம்.பி.க்கள் சேலத்தில் பேசினால் மட்டும் போதாது, பெங்களூரிலும் ஹூப்ளியிலும் போய் உட்கார்ந்து பேச வேண்டும். போகும்போது ஒருமுறையாவது இந்த பாசஞ்சரில் போகட்டும்.