மாட்டைப் புடிக்கிறவனுக்கு முதல்ல ஊசியைப் போடுங்க

கால்நடை ஆஸ்பத்திரியில வேலைன்னு சொன்னதும் சொந்தக்காரங்க கேக்கற முதல் கேள்வி "டாக்டரா?" இல்லங்க, உதவியாளர்னு சொன்னா ஒரு "ஓ" வரும், அதோட பேச்சு மழை, மஞ்சள் வெலைன்னு வேற பக்கம் போயிடும். அது பழகிடுச்சு. ஆனா போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தர் "என்ன, மாட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கற வேலைதானே"ன்னாரு, அங்க பதில் சொன்னா எலையில சோறு ஆறிடும்னு விட்டுட்டேன், இங்க சொல்றேன்.

ஆமாங்க, புடிக்கிற வேலைதான்.

கன்னு போட்ட மறுநாள், நல்லா கறக்கற ஜெர்சி கிராஸ் மாடு ஒண்ணு எந்திரிக்க முடியாம கழுத்தை விலாப் பக்கம் மடக்கி வச்சுட்டுக் கெடக்கும், காதைத் தொட்டா ஜில்லுனு இருக்கும். பால் காய்ச்சல்னு சொல்லுவோம். பேருதான் காய்ச்சல், ஒடம்புல சூடே இருக்காது, சீம்பால்ல போறது போக ரத்தத்துல கால்சியம் எறங்கிப் போறதால வர்றது. டாக்டர் கழுத்து நரம்புல ஊசியைக் குத்திட்டு, ஸ்டெத்தை நெஞ்சுல வச்சு குனிஞ்சுடுவாரு. 450 மில்லி கால்சியம் பாட்டில் நம்ம கையில. ஒசத்திப் புடிச்சா மருந்து வேகமா எறங்கும், வேகமா எறங்குனா இதயம் தடுமாறி மாடு அங்கேயே போயிடும், தாழ்த்திப் புடிச்சா மெதுவா எறங்கும், அவ்வளவுதான் கணக்கு, ஆனா அந்தக் கணக்கு பூரா நம்ம கையிலதான் இருக்கு. டாக்டர் வாயைத் தெறக்க மாட்டாரு, ரெண்டு வெரலை லேசா அசைப்பாரு, நாம பாட்டிலை ஒரு சாண் எறக்கணும். கை கடுக்கும், மாத்திக்க முடியாது. பாட்டில் பாதியாகறப்ப தொடைச் சதை நடுங்க ஆரம்பிக்கும், ஒரு ஏப்பம் விடும், சாணி போடும், அப்புறம் பின்பக்கத்தை ஒந்தித் தூக்கிட்டு எந்திரிச்சு நிக்கும். வீட்டுக்காரம்மா டாக்டரைக் கையெடுத்துக் கும்புடுவாங்க. கும்புடட்டும், நோயைக் கண்டுபுடிச்சது அவருதானே.

உதையும் அப்படித்தான். மாடு குதிரை மாதிரி நேரா பின்னால உதைக்காது, காலை முன்னால கொண்டாந்து பக்கவாட்டுல ஒரு வீசு வீசும், அதனால பயந்து ரெண்டடி தள்ளி நிக்கறவன்தான் முழு உதையையும் வாங்குவான், ஒடம்போட ஒட்டி நிக்கறவனுக்கு தள்ளு மட்டும்தான் கெடைக்கும். ஆஸ்பத்திரியில டிராவிஸ்னு, மாட்டை அசையாம நிறுத்தற கம்பிச் சட்டம் இருக்கும், அதுக்குள்ள ஏத்திக் கட்டிடலாம். வீட்டுக்குக் கூப்புட்டா தென்னை மரம்தான் டிராவிஸ். (மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்களுக்கு சோத்துக்கே நேரம் இருக்காதுங்க. பாசத்துல குண்டான் குண்டானா பொங்கலை ஊட்டி விட்டு, வயித்துல அமிலம் ஏறி அசை போடாம நிக்கற மாடுங்களா வரும். வருசா வருசம் சொல்றோம், ஒரு உருண்டையோட நிறுத்துங்கன்னு.)

சரி, நான் சொல்ல வந்தது இது இல்ல. மாடு தீனி எடுக்கல, எச்சில் ஒழுகிட்டே இருக்கு, கத்துது, ஆனா கொரல் கம்மிப் போய் ஒரு மாதிரி வருது. வீட்டுக்காரர் என்ன சொல்வாரு? "தொண்டையில எதோ சிக்கிக்கிச்சு தம்பி, கையை விட்டுப் பாரேன்." அவரே காலையில ஒருக்கா கையை விட்டுப் பாத்துருப்பாரு. ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னால பட்டியில நாய் கடிச்சுதான்னு தோண்டிக் கேட்டாதான் "ஆமா, எதோ ஒரு தெரு நாய் வந்துச்சு"ம்பாரு. வெறிநோய்ங்க அது. நாய்க்கு மட்டும் வரும்னு நெனைக்கிறாங்க, மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும், அந்த எச்சில் கையில இருக்கற சின்ன வெட்டுல பட்டாப் போதும். மனுசனுக்கு அறிகுறி வந்துட்டா அப்புறம் பொழைக்க வைக்க வைத்தியம் கெடையாது. பருத்திமார் ஒடிச்சு, அருவா புடிச்சு வேலை செய்யற கையில வெட்டு இல்லாத கை எது?

இதுக்கு முன்கூட்டியே போட்டுக்கற ஊசி இருக்கு. முதல் நாள், 7வது நாள், அப்புறம் 21 இல்லன்னா 28வது நாள், மூணே ஊசி. அதுக்கப்புறம் கடி பட்டாலும் முதல் நாளும் 3வது நாளும் ரெண்டு ஊசி போதும், கடிவாயைச் சுத்திக் குத்தற சீரம் தேவைப்படாது. கால்நடை டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க நெறைய பேரு இதைப் போட்டுக்கறாங்க. ஆனா அந்த வாயைத் தெறந்து புடிக்கிறவனுக்கு? டவுன்ல பெட் கிளினிக்ல சேர்ற பையன்கிட்ட சேர்ந்த அன்னைக்கே நாய் வாயைக் கட்டச் சொல்றாங்க, நாயோட ஓனர் "எங்க பப்பு கடிக்காது"ன்னு சொல்லிட்டு நாலடி தள்ளி நிப்பாரு. கடிக்காதுன்னா நீங்களே புடிங்களேன் சார்.

கன்னு வீச்சு நோயும் இருக்கு. செனையான ஆறு ஏழு மாசத்துல கரு கலைஞ்சு கன்னு வீசிடும், நஞ்சுக்கொடி விழாது, அதை வெறுங்கையில எடுக்கறவனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மூட்டு வலி. இடுப்பு வலிக்குதுன்னு எண்ணெய் தேச்சுட்டுத் திரிவான், பாக்கற டாக்டருக்கும் மாட்டு நோயின்னு சட்டுனு தோணாது. காய்ச்சல்னு போனா நான் மாட்டு வேலை பாக்கறேன்னு நீங்களே சொல்லிடுங்க தம்பிகளா. முழங்கை தாண்டற கையுறை ஒண்ணு இருந்தா போதும், அதை வாங்கறதுக்கு அத்தனை யோசனை.

இதை எழுதுனா "அப்ப உங்களையும் வைத்தியம் பாக்க விடணும்"னு நம்மாளுங்களே கமென்ட்ல வருவாங்க. அது வேற பேச்சு. 1984ஆம் வருச கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி வைத்தியம் பதிவு பெற்ற டாக்டர்தான் பாக்கணும், சின்னச் சின்ன முதலுதவி அவங்க மேற்பார்வையில. பைக் பெட்டியில ஆன்டிபயாடிக் வச்சுட்டு ஊர் ஊராப் போய் குத்தறவங்களை நான் ஆதரிக்க மாட்டேன், அந்த மருந்து எறங்கற பாலை நம்ம கொழந்தைங்கதான் குடிக்குது.

ஊசிக்கு காசு யாரு குடுக்கறதுங்கறாங்க. ஒரு டோஸ் சில நூறு ரூபா, வேலைக்கு வைக்கிறவங்க குடுக்கட்டும். அரசோ தனியாரோ, மூணு ஊசியும் போட்ட அப்புறம்தான் ஒருத்தனை நாய்கிட்டயும் மாட்டு வாய்கிட்டயும் விடணும். அடுத்த தடவை உங்க நாயைக் கூட்டிட்டுப் போறப்ப அங்க புடிக்கிற பையன்கிட்ட "தம்பி, உனக்கு ஊசி போட்டாச்சா?"ன்னு கேளுங்க, கிளினிக் ஓனர் காதுல விழற மாதிரி கொஞ்சம் சத்தமாவே கேளுங்க.