ஸ்வீனி டாட் பாட்டுப் படம்தான், குழந்தைகள் படம் இல்லை

ஜானி டெப் நடித்து டிம் பர்ட்டன் இயக்கிய ‘ஸ்வீனி டாட்’ (2007) பெரும்பாலும் பாட்டாகவே போகிற படம், அதனால் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார், பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். பாட்டு விஷயம் சரி. ஆனால் குழந்தைகளுக்கானது இல்லைங்க. ரத்தம் தெறிக்கும் வன்முறைக்காக அமெரிக்காவில் அதற்கு ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரோ பெரியவரோ கூட வந்தால்தான் தியேட்டருக்குள் விடுவார்கள். பிரிட்டனில் நேராக 18. பழிவாங்க வந்த நாவிதர், சவரம் செய்ய உட்காருகிறவர்களின் கழுத்தைப் பாடிக்கொண்டே அறுக்கிறார், நாற்காலி சாய்ந்து உடல் நிலவறைக்குள் விழுகிறது, அப்புறம் அந்த இறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட ‘பை’ (pie) பலகாரம் கீழே இருக்கும் கடையில் விற்பனையாகிறது! இதே இருவரின் ‘சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி’க்குக் கிடைத்தது ‘பிஜி’, அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகளும் பார்க்கலாம், அந்த நினைப்பில் சொல்லியிருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் அமெரிக்கச் சான்றிதழ்களுக்கான தளமான ஃபிலிம்ரேட்டிங்ஸ் டாட் காமில் படத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள், சான்றிதழும் அதற்கான காரணமும் ஒரே வரியில் வரும். கொஞ்சம் விவரமாக வேண்டுமென்றால் பிரிட்டன் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் தளத்தில் தேடலாம், அதற்குக் காசும் கிடையாது.