"பூச்சுல மறஞ்சிடும்" என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள்

வீடு கட்டும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்த ஒரு பதில் காதில் விழும். பில்லர் அடியில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதே என்று கேட்டால், "அது பூச்சுல மறஞ்சிடும்." சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லையே என்றால், "பூச்சுல சரி பண்ணிடலாம்." பூச்சே அலை அலையாக இருக்கிறதே என்றால், "பட்டி பாத்தா தெரியாது." கான்கிரீட்டின் தப்பைப் பூச்சு மறைக்க வேண்டும், பூச்சின் தப்பைப் பட்டி மறைக்க வேண்டும், பட்டியின் தப்பைப் பெயிண்ட் மறைக்க வேண்டும். காசு கொடுத்தவன் தலையில் கட்டுவது இந்த மறைப்பைத்தான்.

தப்பு நடப்பதைப் பற்றி இங்கே கோபமே இல்லை. கையால் செய்கிற வேலை, தப்பு வரத்தான் செய்யும். வந்த அன்றைக்கே திருத்தினால் அரை நாள் வேலை. மூடிவிட்டு ஐந்து வருஷம் கழித்துத் திருத்தப் போனால் பாதி வீட்டை உடைக்க வேண்டும். இது தெரிந்தேதானே மூடுகிறார்கள்? அங்கேதான் வயிறு எரிகிறது.

பில்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைப் பிரித்ததும் அடியில் ஒரு முழ உயரத்துக்கு ஜல்லி தனித்தனியாகத் தெரிகிறது, விரல் விட்டால் உள்ளே போகிறது, ஒரு இடத்தில் கம்பியே தெரிகிறது. இதைத்தான் தேன்கூடு என்கிறார்கள். ஏன் வருகிறது என்பதில் ரகசியம் எதுவும் கிடையாது. பத்தடி உயரத்திலிருந்து கலவையைக் கொட்டினால் ஜல்லி முதலில் கீழே போய் உட்காரும், சாந்து தனியாகப் பிரியும். ஐந்தடிக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டவே கூடாது. பலகையின் அடிப்பக்கம் சந்து அடைக்காமல் விட்டிருந்தால் சிமெண்ட் பால் முழுக்க வெளியே ஒழுகி, ஜல்லி மட்டும் உள்ளே நிற்கும். கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக இருக்கும் இடத்தில், கலவையை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டரின் ஊசி இறங்காது. அல்லது வைப்ரேட்டரே வந்திருக்காது, ஒரு கம்பியை வைத்துக் குத்திவிட்டுப் போயிருப்பார்கள்.

அதற்கு அவர்கள் செய்கிற வைத்தியம் என்ன? நீங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒரு கரண்டி சிமெண்டைக் குழைத்து மேலே தடவி வழித்துவிடுவது. இதைவிடப் பெரிய அநியாயம் கட்டட வேலையில் கிடையாது. மேல் தோல் கால் இஞ்ச், அதற்கு உள்ளே ஓட்டை அப்படியே இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகக் காற்றும் ஈரமும் கம்பி வரைக்கும் போகும். கம்பி துருப்பிடித்தால் அது சும்மா துருவாக நிற்காது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பில்லரில் நெட்டுக்குத்தாக விரிசல் விட்டு, பட்டை பட்டையாகக் கழன்று விழுவது அதனால்தான்.

சரியான முறை ஒன்றும் கடினமானதில்லை. தளர்ந்த கான்கிரீட் அத்தனையும் உளி வைத்துக் கொத்தி எடுக்கணும், சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்கும் இடம் வரைக்கும். ஓரங்களைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டணும், இல்லாவிட்டால் புதுக் கலவை ஓரத்தில் காகிதம் மாதிரி மெலிந்து பெயரும். கம்பி தெரிந்தால் அதன் பின்பக்கமும் ஒரு இஞ்ச் இடைவெளி எடுக்கணும். தூசியைக் கழுவி, ஊற நனைத்து, மேலே தண்ணீர் தேங்காத நிலையில் காயும்போது சுருங்காத க்ரௌட்டோ (கூழ் மாதிரி சிமெண்ட் கலவை) மைக்ரோ கான்கிரீட்டோ (பொடி ஜல்லிக் கலவை) பலகை அடித்து ஊற்றி, ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றணும். ஓட்டை கம்பிக்கூட்டையும் தாண்டி உள்ளே போயிருந்தால் மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, மேல் பாரத்துக்கு முட்டு கொடுத்த பிறகுதான் உளியே வைக்கணும்.

அடுத்து தண்ணீர். கலவை கெட்டியாக இருக்கிறது, இழுக்க முடியவில்லை என்று ஒரு பக்கெட் ஊற்றுகிறார்களே, அந்த ஒரு பக்கெட் என்ன செய்கிறது என்று பாருங்கள். 50 கிலோ மூட்டைக்கு மொத்தமே 25 லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. அதற்கு மேல் 10 லிட்டர் ஊற்றினால் 0.5 என்று இருந்த தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.7 ஆகிவிடும். சிமெண்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்ணிய துளைதான். பலமும் போச்சு, தண்ணீர் இறங்க வழியும் ஆச்சு. இளக்கம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் என்று ஒரு சாமான் இருக்கிறது, அளந்து ஊற்றலாம். ஆனால் பைப்பைத் திறந்துவிடுவது சுலபம், அதனால் அதைத்தான் செய்கிறார்கள்.

கம்பிக்குக் கீழே வைக்கிற கவர் பிளாக்கில்கூடவா மிச்சம் பிடிப்பார்கள்? கம்பியை மூடி நிற்கிற கான்கிரீட் கனம்தான் கவர், அதைக் காக்கிற கட்டைதான் இது. ரூஃபுக்கு 20 மி.மீ., பீமுக்கு 25, பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. அளவு எழுதி வைத்த மாதிரிதான் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் உடைந்த ஜல்லியும் ஓட்டுத் துண்டும் முட்டுக் கொடுத்திருக்கும், கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்ததும் அது நழுவிக் கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும்.

இதில் உயிரோடு விளையாடுகிற இடம் பால்கனியும் சன்ஷேடும். வெளியே தொங்குகிற சிலாபில் பாரத்தைத் தாங்கும் கம்பி மேலே இருக்கணும். 120 மி.மீ. தடிமன் என்றால், மேலே 20 மி.மீ. கவர் விட்டுப் பத்து எம்.எம். கம்பி போட்டால், அடியிலிருந்து கம்பி நடுவரை 95 மி.மீ. கிடைக்கும். அந்த உயரம்தான் பலம். கான்கிரீட் போடும் நாளில் பத்துப் பேர் அந்தக் கம்பிமேல் நடந்து 30 மி.மீ. கீழே அமுக்கிவிட்டால் மிச்சம் 65. மூன்றில் ஒரு பங்கு பலம் மிதியிலேயே காலி! மேலிருந்து பார்த்தால் சமமான, அழகான பால்கனி. எந்தப் பூச்சிலும் தெரியாது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பியை மீட்டருக்கு ஒன்றாக வைத்து, நடக்கப் பலகை போட்டால் முடிந்தது. அந்தப் பலகையைப் போடத்தான் ஆளுக்கு மனசு வருவதில்லை.

க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பது, அதைப் பற்றித் தனியாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ரூஃபில் பாத்தி கட்டிக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டாக இருந்தால் பத்து நாளுக்குக் குறையாமல். காலையில் ஒரு தரம் ஹோஸைப் பிடித்து நனைத்துவிட்டுப் போவது க்யூரிங் ஆகாது, மத்தியானமே காய்ந்துவிடும்.

பூச்சுக்கு வருவோம், எல்லாத் தப்பையும் மறைக்கப் போகிற அந்தப் பூச்சுக்கு. உள்பக்கம் 12 மி.மீ. இருந்தால் போதும். சுவர் குண்டுக்கு நிற்காததால் ஒரு மூலையில் 12, இன்னொரு மூலையில் 40 என்று ஒரே தடவையில் அப்புவார்கள். 20 மி.மீ. தாண்டினாலே இரண்டு கையாகப் போடணும், முதல் கையைச் சொரசொரப்பாகக் கீறி விட்டு இறுகவிட்ட பிறகுதான் அடுத்தது. ஒரே தடவையில் கனமாக அப்பியது தன் எடையிலேயே இறங்கிப் பிடி விட்டுவிடும். விரல் முட்டியால் தட்டினால் டொப் டொப் என்று கேட்கும். பில்லரும் செங்கலும் சேரும் கோட்டில் வலை வைக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே விரிசல் வரும், ஏனென்றால் இரண்டும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதிரி நீள்வதும் சுருங்குவதும் இல்லை. இரண்டு பக்கமும் ஆறு இஞ்ச் வருகிற மாதிரி ஒரு கோழிவலை, அவ்வளவுதான் செலவு.

எலக்ட்ரீஷியன் வெட்டுகிற காடி இன்னொரு கொடுமை. நான்கரை இஞ்ச் சுவரில் கிடைமட்டமாகப் பாதி ஆழத்துக்குச் சம்மட்டி அடித்துப் பைப்பைப் புதைக்கிறார்கள். கிடைமட்டக் காடி சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, நெட்டுக்குத்துக் காடி மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். அதனால்தான் பைப்பை மேலிருந்து கீழாக இறக்கச் சொல்வது. மெஷினில் இரண்டு கோடு அறுத்துவிட்டு நடுவைத் தட்டி எடுத்தால் சுவரும் அதிராது.

பாத்ரூம்தான் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிற இடம். கசிந்தால் பிளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டுவார், டைல்ஸ்காரர் வாட்டர்புரூஃப் போட்டவரைக் காட்டுவார், அவர் மேஸ்திரியைக் காட்டுவார். ஒவ்வொரு கட்டமும் தனியாகச் சோதித்திருந்தால் இந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. கோட்டிங் அடித்து முடித்ததும் ட்ராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் வாயை) அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, கீழ்த்தளத்துக் கூரையைப் பார்க்கணும். கோட்டிங் தரையோடு நிற்கக் கூடாது, சுவரில் ஒரு அடி ஏறணும், ஷவர் பக்கம் ஆள் உயரம் வரை. அதெல்லாம் முடிந்த பிறகு பிளம்பர் வந்து, "ஒரு பைப் விட்டுப்போச்சு" என்று அதிலேயே டிரில் போடுகிறாரே, அந்த நிமிஷமே மொத்த வேலையும் வீண். தரையைத் தாழ்த்திய பகுதியை உடைந்த செங்கல் போட்டு நிரப்புகிற பழக்கமும் ஒழியணும், அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளேயே வைத்திருக்கும். வாட்டம் மீட்டருக்கு 12 மி.மீ. வேண்டும், ட்ராப்தான் மொத்தத் தரையிலும் தாழ்ந்த புள்ளி. ஒரு கிளாஸ் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றினால் தெரிந்துவிடும், டைல்ஸ் காய்வதற்கு முன்னால் ஊற்றிப் பாருங்கள்.

டைல்ஸ் ஒட்டும்போது ஒரு துண்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று. மிச்சமெல்லாம் காற்று. நாற்காலிக் கால் அந்த வெறும் இடத்தில் அழுத்தும் அன்று மூலை உடையும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது, சிமெண்ட் பால் அதைப் பிடிக்கவே பிடிக்காது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்து, அட்ஹெசிவைப் பல் கரண்டியால் ஒரே திசையில் வரி வரியாக இழுத்து அமுக்கினால்தான் முழு முதுகிலும் பிடிக்கும். ஈரம் படும் இடத்தில் 95 சதவீதம் பிடித்திருக்கணும். இடைவெளியே விடாமல் முட்ட முட்ட ஒட்டினால் "சந்து தெரியாம அழகா இருக்கு" என்பார்கள். நீளும்போது போக இடமில்லாமல் நடுக்கூடத்தில் கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும். டைல்ஸுக்கு நடுவில் சந்து விட வைக்கிற இரண்டு மி.மீ. ஸ்பேசர், சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் ஒரு விரல் சந்து, கேட்பது இவ்வளவுதான்.

இத்தனைக்கும் பார்க்கிற நேரம் ஒன்றே ஒன்றுதான், மூடுவதற்கு முந்தைய நாள். கான்கிரீட்டுக்கு முன் கம்பி, பூச்சுக்கு முன் பைப், டைல்ஸுக்கு முன் தண்ணீர். டேப்பைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள், குறையைத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், அடுத்த தவணையை அந்தத் தாளோடு கட்டுங்கள். வாயால் சொன்னது வாசல் தாண்டாது. "இதெல்லாம் பாத்துட்டு இருந்தா வேலை ஓடாது" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஓட வேண்டாம். நாளைக்குப் பூச்சுக்கு ஆள் வருகிறதென்றால் இன்றைக்கே தண்ணீர் லைனில் அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கே ஒழுகுகிறதென்று கண்டுபிடிக்கும் வரை ஒரு சட்டி கலவைகூடக் குழைக்க விடாதீர்கள்.