ரோஜாவும் தயிரும் தவிர பல்கேரியாவில் மனிதர்களும் இருக்கிறார்கள்

பல்கேரியா பற்றித் தமிழில் வரும் பயணக் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன். ரோஜாத் தோட்டம், ரிலா மடாலயம், கருங்கடல் ஓரத்து ஓட்டல், ‘ஐரோப்பாவிலேயே மலிவு’ என்ற கூவல். எல்லாம் அழகுதான், பொய்யும் இல்லை. ஆனால் பல்கேரியர்களை மட்டும் காணோம். வேலைக்காகத் தலைநகர் சோபியாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

இந்த ஊர் எழுத்தை நான் படித்துப் பழகியது மரண அறிவிப்புகளில். நெக்ரோலோக் என்பார்கள். ஒரு ஏ4 தாள், இறந்தவரின் படம், பெயர், வயது, இரண்டு மூன்று வரி இரங்கல், கீழே குடும்பத்தார். அடுக்குமாடி வாசற்கதவு, பஸ் நிறுத்தம், மின்கம்பம், தெருமுனை மரம் என்று எங்கும் ஒட்டியிருக்கும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. என்ன, நம் ஊரில் சில சமயம் செத்தவர் படத்தைவிட ஒட்டியவர் படம் பெரிதாக இருக்கும். இங்கே அந்தக் கூத்து கிடையாது. ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், முதலாண்டு, பிறகு ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று புதிய தாள் வந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தாவை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முகம் எனக்கு மனப்பாடம்.

நாட்டின் வடமேற்கில் விதின், மொன்தானா பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் இந்தத் தாள்கள் வேறு கதை சொல்லும். பூட்டிக் கிடக்கும் கதவில் வெளுத்துப்போன ஒரு தாள். அடுத்த வீட்டிலும் அதே. 1980களின் கடைசியில் 90 லட்சத்தை நெருங்கியிருந்த மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகிவிட்டது. பிறப்பு குறைந்தது ஒரு பக்கம். 1989இல் கம்யூனிச ஆட்சி விழுந்தபோதும், 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகும் ஜெர்மனி, ஸ்பெயின், இங்கிலாந்து என்று கிளம்பிப் போனவர்கள் இன்னொரு பக்கம். பேரப்பிள்ளையை வைபர் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டு தோட்டத்துத் தக்காளியைப் பாட்டிலில் அடைக்கும் பாட்டிகளின் நாடு இது. அந்தப் பாட்டில்கள் பஸ் ஏறி ஜெர்மனிக்கும் போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ‘இந்த நாட்டில் எதுவும் சரியில்லை’ என்று எந்தப் பல்கேரியரும் மணிக்கணக்கில் பேசுவார். 2021 ஏப்ரலுக்கும் 2024 அக்டோபருக்கும் நடுவில் ஏழு தடவை நாடாளுமன்றத் தேர்தல் நடத்திய நாடு, பேசாமல் என்ன செய்வார்கள்? ஆனால் நீங்கள் ‘ஆமாம்’ என்று ஒத்து ஊதினால் போச்சு. உடனே கி.பி. 681இலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்: அன்று வைத்த பெயர் இன்றுவரை மாறாத நாடு, தெரியுமா?

அந்தப் பெருமையை நான் கேலி செய்ய மாட்டேன். மொழிக்காகப் பெருமைப்படும் ஜனத்தை நாம் கேலி செய்யவும் முடியாது. பல்கேரிய மொழியை எழுதும் சிரில்லிக் எழுத்தை ‘ரஷ்ய எழுத்து’ என்று இங்கே சொல்லிப் பாருங்கள், காபி ஆறிவிடும், பாடம் முடியாது. சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரத் துறவிகள் முதலில் உருவாக்கியது கிளகோலிதிக் என்ற வேறு எழுத்து. விரட்டப்பட்ட அவர்களின் சீடர்களுக்கு 886 வாக்கில் அடைக்கலம் கொடுத்தவர் பல்கேரிய அரசர் போரிஸ். அதன் பிறகு பல்கேரியாவின் பிரெஸ்லாவ் நகரில் வளர்ந்ததுதான் இன்றைய சிரில்லிக். ரஷ்யாவுக்கு அது அப்புறம்தான் போனது. ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று பள்ளிப் பிள்ளைகள் பூவும் பேண்டு வாத்தியமுமாக ஊர்வலம் போவது இந்த எழுத்துக்காக. ஏறத்தாழ 500 ஆண்டு ஒட்டோமன் ஆட்சிக்குள் இருந்த காலத்தில், 1762இல், பய்சி என்ற துறவி தன் மக்களைப் பார்த்து, ‘பல்கேரியன் என்று சொல்லிக்கொள்ள ஏன் வெட்கப்படுகிறாய்?’ என்று திட்டி எழுதினார். இன்றும் அந்த வரியைச் சொல்லாத பள்ளிப் பிள்ளை இல்லை.

ஆனால் பெருமையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தால் பாதிதான் தெரியும். 1943ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்லர் பக்கம் இருந்த பல்கேரியா, தன் யூதர்களை நாஜி முகாம்களுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டு ரயிலையும் தயார் செய்துவிட்டது. நாடாளுமன்றத் துணைத் தலைவர் திமிதர் பெஷெவ் உள்துறை அமைச்சரின் அறைக்கே போய் மல்லுக்கு நின்றார். பிளோவ்திவ் நகரில் பேராயர் கிரில் தண்டவாளத்தில் படுத்துவிடுவேன் என்றாராம். சோபியாவில் பேராயர் ஸ்தெஃபான் விடவில்லை. ஏறத்தாழ 48,000 பேர் தப்பினார்கள். இதை எந்தப் பல்கேரியரும் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

அதே 1943 மார்ச் மாதம், பல்கேரியா பிடித்து வைத்திருந்த திரேஸ், மாசிடோனியா, பிரோத் பகுதிகளிலிருந்து 11,343 யூதர்கள் ட்ரெப்லிங்கா மரண முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிடித்துக் கொடுத்தது பல்கேரியப் போலீஸ். இதைக் கேட்டால், ‘அவர்கள் நம் குடிமக்கள் இல்லையே’ என்று பதில் வரும். குடியுரிமை கொடுக்காமல் வைத்திருந்ததும் இதே அரசுதான் என்று சொன்னால் மேசையில் சத்தம் கூடும். இரண்டும் ஒரே வரலாறு, ஒன்றைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இதில் என்னோடு சேரும் இளம் பல்கேரியர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெஷெவுக்கு என்ன ஆனது தெரியுமா? போருக்குப் பின் வந்த கம்யூனிச அரசின் நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. சீக்கிரமே விடுதலையானாலும், 1973இல் இறக்கும்வரை ஊர் கண்டுகொள்ளாத மனிதராகவே இருந்தார்.

இன்னொன்று, பெயர் மாற்றம். 1984-85 குளிர்காலத்தில் கம்யூனிசத் தலைவர் தோதோர் ஷிவ்கோவின் அரசு, நாட்டின் துருக்கிய மக்கள் எல்லோர் பெயரையும் ஸ்லாவியப் பெயராக மாற்றியது. ஊரை ராணுவம் சூழ்ந்து நிற்க, பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பொது இடத்தில் துருக்கி மொழி பேசத் தடை. செத்தவர்களையும் விடவில்லை, கல்லறைப் பெயர்களிலும் கை வைத்தார்கள். எதிர்ப்பு முற்றி, 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு துருக்கி எல்லையைக் கடந்தார்கள். கையில் சுற்றுலாவுக்கான பாஸ்போர்ட், அதனால் அதற்குப் ‘பெரிய உல்லாசப் பயணம்’ என்று பெயர்! அந்த ஆண்டுக் கடைசியில் ஷிவ்கோவ் விழுந்தார், பழைய பெயர்களுக்கு வழி பிறந்தது, பலர் திரும்பியும் வந்தார்கள். நடந்ததைக் கண்டித்து நாடாளுமன்றம் தீர்மானம் போட 2012 ஆயிற்று.

துருக்கியர் அதிகம் வாழும் கர்ஜாலி பக்கம் போனால் பிறை போட்ட, பச்சைக் கரையிட்ட நெக்ரோலோக் தாள்களைப் பார்க்கலாம். ஹசன், ஆய்ஷே, மெஹ்மெத். சுற்றுலாக்காரர் கண்ணுக்கு அது வெறும் சுவரொட்டி. 1985இல் அந்தப் பெயரை அப்படி அச்சடித்து ஒட்டியிருக்க முடியாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். தயிருக்குக் காரணமான நுண்ணுயிரை 1905இல் அடையாளம் கண்டவர் ஸ்தாமென் கிரிகோரொவ் என்ற பல்கேரிய மாணவர். அதன் பெயரிலேயே பல்காரிகஸ் உண்டு. வெயில் காலத்தில் தராதோர் குடியுங்கள்: வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியில் தண்ணீர் விட்டு, பூண்டும் வால்நட்டும் போட்டது மாதிரி இருக்கும். ஸ்த்ராஞ்சா மலையில் பல்கரி என்ற கிராமத்தில் ஜூன் முதல் வாரம், புனிதர்களின் படத்தைக் கையில் ஏந்தித் தணலில் வெறுங்காலோடு ஆடுவார்கள். தீமிதி பார்த்தவர்கள் கட்டாயம் போங்கள். திருச்சபைக்கு அது பிடித்ததே இல்லை, மக்களும் விட்டதே இல்லை.

வருவதானால் மே கடைசியில் வாருங்கள். 24ஆம் தேதி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுக் கசன்லக்கில் விடியற்காலை ரோஜா பறிப்பதைப் பார்த்து, அப்படியே பல்கரிக்குப் போய்விடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இங்கே பலர் ‘ஆமாம்’ என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், ‘இல்லை’ என்பதற்கு மேலே தூக்குவார்கள். முதலாவது நமக்குப் பழக்கம்தான். இரண்டாவதில்தான் பஸ்ஸைக் கோட்டை விடுவீர்கள்.