கறுப்புத் தடத்தில் சறுக்குவீர்களா? எத்தனை மணிக்கு?

பனிச்சறுக்குக்குப் போய்வந்த இரண்டு பேர் சந்தித்துப் பேசினால், மூன்றாவது வாக்கியத்துக்குள் நிறம் வந்துவிடும்; சறுக்கும் தடம் எவ்வளவு கடினம் என்று பலகையில் காட்டும் நிறம். "நான் சிவப்பு வரைக்கும் போவேன்." "எனக்குக் கறுப்பே பழகிவிட்டது." கராத்தே வகுப்பில் பட்டை வாங்கியவர்களைப் போலச் சொல்லிக்கொள்வார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித் திரிந்தவன்தான். ஆகவே இங்கே வரும் கேலியில் பாதி எனக்கே சேர வேண்டியது.

என் பட்டை பறிபோனது ஒரு நீலத் தடத்தில். ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் நீலம்தான் ஆக எளிய நிறம். அன்று காலை ஒன்பது மணிக்கு அந்தத் தடத்தில் பனி கார்டுராய் துணியை விரித்ததைப் போல வரிவரியாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம் என்று தோன்றியது. பகல் முழுவதும் மேலே கறுப்புத் தடங்களில் சுற்றிவிட்டு, மாலை மூன்றரை மணிக்கு அறைக்குத் திரும்ப அதே நீலத்தில் இறங்கினேன். வெயிலில் ஊறிய பனியை ஆயிரம் பேர் உழுது, முழங்கால் உயரக் குவியல்களாக ஒதுக்கிவைத்திருந்தார்கள். குவியல்களுக்கு இடையே பனி வழித்தெடுக்கப்பட்டு வெறும் உறைதளம் பளபளத்தது. மூன்று முறை விழுந்தேன். மூன்றாவது முறை, ஆறு வயது இருக்கும், ஒரு சிறுமி என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் வந்த அவளுடைய பயிற்சியாளர் நின்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்தார். அந்த விசாரிப்புதான் அதிகம் வலித்தது.

காலையில் நீலம், மாலையிலும் நீலம். தூணில் இருந்த வட்டப் பலகையை யாரும் மாற்றவில்லை. அப்படியானால் அந்தப் பலகை எதைத்தான் சொல்கிறது?

பெரும்பாலும் சாய்வை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதற்கு எழுதப்பட்ட தர அளவுகளே உண்டு. சாய்வு 25 சதவீதத்துக்குள் இருந்தால் நீலம், 40 வரை சிவப்பு, அதற்கு மேல் கறுப்பு. இடையில் வரும் குறுகிய செங்குத்துத் துண்டுகளுக்கு விலக்கு உண்டு. சதவீதத்தைக் கோணம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நூறு சதவீதம் என்பது 45 டிகிரிதான். 40 சதவீதம் ஏறக்குறைய 22 டிகிரி. மலையின் எலும்பை அளந்து போட்ட எண் இது. எலும்பு மாறாது. நாம் சறுக்குவதோ தோலின் மேல். அது ஒவ்வொரு இரவும் மாறுகிறது, ஒவ்வொரு மணி நேரமும் தேய்கிறது.

வட அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். அமெரிக்காவில் ஸ்கீ (பனிச்சறுக்கு) மலைகளை நடத்துபவர்களின் சங்கம் 1964இல் வேறொரு குறியீட்டைக் கொண்டுவந்து, 1968இல் அதைக் கைவிட்டு இப்போதைய வடிவங்களுக்கு மாறியது. இவற்றை உருவாக்கியது டிஸ்னி நிறுவனம். கலிஃபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் ஒரு ஸ்கீ நகரம் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். நகரம் எழும்பவே இல்லை. பலகைகள் மட்டும் கண்டம் முழுவதும் பரவிவிட்டன. அந்தக் குறிகளுக்குக் கொடுத்த விளக்கத்தைக் கவனியுங்கள்: "மிக எளியது", "அதைவிடக் கடினம்", "மிகக் கடினம்". எதைவிட? அந்த மலையில் உள்ள மற்ற தடங்களைவிட. ஒரு குட்டி மலையின் கறுப்பு வைரம், பெரிய மலையொன்றில் நீலச் சதுரமாக இருக்கக்கூடும். இது தெரியாமல் ஊர்விட்டு ஊர் பட்டையைச் சுமந்து செல்கிறோம்.

இனி இரவு வேலைக்கு வருவோம். சறுக்குபவர்களை வடத்தில் மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட்டுகள் நின்றபின் சங்கிலிச் சக்கர வண்டிகள் மலையேறுகின்றன. முன்னால் இருக்கும் பெரிய தகடு மேடுகளைத் தள்ளிப் பள்ளங்களை நிரப்புகிறது. பின்னால் சுழலும் பல் உருளை பனியைப் பொடியாக்கிக் கலக்க, அதற்கும் பின்னால் தொங்கும் சீப்பு வரிகளை இழுத்துவிடுகிறது. இதைத்தான் குரூமிங் என்கிறார்கள். பொடியான பனித்துகள்கள் இரவுக் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் காலையில் நம் ஸ்கீயின், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகையின், விளிம்புக்குப் பிடிப்புத் தருகிறது. வண்டி தானாக ஏற முடியாத செங்குத்தில் மேலே ஒரு நங்கூரத்தில் எஃகு வடத்தைக் கட்டி, அதில் தொங்கியபடி வேலை செய்கிறார்கள். ஆஸ்திரியாவின் மேயர்ஹோஃபெனில் உள்ள ஹராகிரி தடம் 78 சதவீதச் சாய்வு. அதையும் இப்படித்தான் சீர்செய்கிறார்கள்.

இந்த வேலையின் முன்னோடியாகக் கொலராடோவின் வின்டர் பார்க்கை நடத்திய ஸ்டீவ் பிராட்லியைச் சொல்வார்கள். 1950களில் அவர் அமைத்த கருவிக்கு இன்ஜின் கிடையாது. ஒரு ஆள் ஸ்கீயில் முன்னே இறங்க, அவர் முதுகுக்குப் பின்னால் கனமான உருளை ஒன்று பனியை மட்டம்செய்துகொண்டே வரும். கால் இடறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலைக்கு எந்த நிறம் கொடுப்பது?

என் வாதம் இதுதான். ஒரு தடத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நான் விழ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? விழுந்தால் என்ன ஆகும்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பனியின் மேற்பரப்பே பதில் சொல்கிறது. இரண்டாவதற்குச் சாய்வு பதில் சொல்கிறது. பலகை இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறது.

சீர்செய்த கறுப்புத் தடத்தில் திரும்புவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. தரை எதிர்பாராத எதையும் செய்யாது. ஆனால் அதே இறுகிய பரப்பில் இடறி விழுந்தால் நிற்க முடியாது. சறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். மாறாக, உழுதுபோட்ட நீலத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழலாம், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். முதலாவது எளிது, ஆபத்தானது. இரண்டாவது கடினம், பெரும்பாலும் மானத்துக்கு மட்டுமே கேடு. குரூமிங் கறுப்பை நீலமாக்கிவிடுகிறது என்று சொல்பவர்களோடு நான் உடன்படாதது இங்கேதான். தடம் எளிதாகிறது, விழுவதன் விலை குறையவில்லை. சில சமயம் கூடவே செய்கிறது.

திறமை விஷயத்துக்கு வந்தால் நிறம் இன்னும் மோசமான அளவுகோல். வரிவரியான பனியில் ஸ்கீயின் விளிம்பைச் சாய்த்து வளைவது ஒரு கலை. மோகுல் எனப்படும் மேடுகள் வேறு. சறுக்குபவர்கள் அதே இடங்களில் திரும்பித் திரும்பிப் பனியை ஒதுக்குவதால் உருவாகும் குவியல்கள் அவை. அங்கே முழங்கால் மடங்கி நிமிர்ந்து அடியை வாங்க வேண்டும். அடுத்த இரண்டு மேட்டை முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஆழமான புதுப்பனியில் எடையை இரண்டு கால்களிலும் பகிர வேண்டும்; ஒரே காலில் அழுத்திப் பழகியவருக்கு அந்தக் கால் மட்டும் புதைந்துபோகும். என் நண்பர் ஒருவர் சீர்செய்த கறுப்பில் அம்பு மாதிரி இறங்குவார். முழங்கால் அளவு புதுப்பனி கொட்டிய ஒரு காலையில், மிதமான சரிவில் ஒரு திருப்பம்கூட முடியாமல் நின்றார். "பனி சரியில்லை" என்றார். அந்தப் பனிக்காகவே சிலர் அன்று விடியும் முன் லிஃப்ட் வாசலில் வரிசையில் நின்றிருந்தார்கள்.

நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் திறமையில் ஒரு பங்கு இரவெல்லாம் வண்டி ஓட்டியவருடையது. பெயர் தெரியாத அந்த மனிதர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நம் நிறம் இரண்டு படி இறங்கிவிடும்.

சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளில் இரண்டாவது, வேகத்தையும் சறுக்கும் விதத்தையும் நம் திறமைக்கும், நிலம், பனி, வானிலை ஆகியவற்றுக்கும், கூட்டத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதில் நிறமே இல்லை.

அதற்காகப் பலகைகளைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. மூடுபனியில் வழி தெரியாமல் நிற்கும்போது அந்த வட்டத்தைவிட அழகான பொருள் உலகில் கிடையாது. என் குறை வேறு. எந்தத் தடங்கள் நேற்றிரவு சீர்செய்யப்பட்டன என்று பல மலைகள் தினமும் பட்டியல் வெளியிடுகின்றன. அது கைப்பேசியின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. அதை ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும், நிறப் பலகைக்குப் பக்கத்தில் எழுதிவைக்க ஒரு கரும்பலகை போதும். எத்தனை மணிக்குச் சீர்செய்தார்கள் என்பதையும் சேர்த்து. மாலை ஆறு மணிக்கு வண்டி போய், பின்னிரவில் ஒரு அடி பனி விழுந்திருந்தால், அந்தத் தடம் பட்டியலில் மட்டும்தான் சீர்செய்யப்பட்டது. தொடக்கநிலைக்காரருக்கு இந்த வேறுபாடு முக்கியம். அவரிடம் இருப்பது ஒரே ஒரு உத்தி, ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து ஆப்பு போல வைத்து வேகத்தைக் குறைப்பது. ஆழமான கனத்த பனியில் அது வேலை செய்யாது.

இப்போதெல்லாம் நான் வரைபடத்தைப் பிறகுதான் விரிக்கிறேன். முதலில் பட்டியல், அடுத்து வெப்பநிலை, பிறகு எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது. இரவில் உறைந்த கிழக்குச் சரிவுகளைப் பத்து மணி வெயில் சற்று இளக்கட்டும் என்று காத்திருப்பேன். மூன்று மணிக்கு மேல் அந்த நீலத் தடத்தில் கால் வைப்பதில்லை. கீழே வர லிஃப்ட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன். எதிரே ஏறி வருபவர்கள் சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிறுமியும் ஒருநாள் பார்த்துவிட்டாள், கை வேறு அசைத்தாள்.