சுரங்கப்பாதைச் சுவரொட்டிகள்

இங்கிலாந்தின் ஃபால்மர் ரயில் நிலையத்தில் இறங்கி சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு சுரங்கப்பாதை உண்டு. 2021 அக்டோபரில் தத்துவப் பேராசிரியர் கேத்லீன் ஸ்டாக்குக்கு எதிரான சுவரொட்டிகளை அங்கேதான் ஒட்டியிருந்தார்கள். இவரால் திருநர் மாணவர்களுக்குப் பாதுகாப்பில்லை, வருடத்துக்கு 9,250 பவுண்டு கல்விக் கட்டணம் கட்டுவது திருநர் வெறுப்புக்காக அல்ல என்றெல்லாம். அப்புறம் முகத்தை மூடிய சிலர், புகை கிளப்பி, அவரை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். வளாகத்துக்கு வராதீர்கள், வீட்டில் கேமரா வையுங்கள் என்று போலீஸே சொல்லும் அளவுக்குப் போனது. அந்த மாதக் கடைசியில் ராஜினாமா செய்துவிட்டார்.

பிறப்பால் அமைந்த ஆண், பெண் என்ற பாலின் இடத்தை, ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்ற பாலின அடையாளம் சட்டத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது ஸ்டாக்கின் வாதம். அதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. பெண்களுக்கான இடங்களைப் பற்றிய அந்த வாதத்தில் திருநங்கை எப்போதும் ஆபத்தாகவே வருகிறார், ஆபத்தில் இருப்பவராக வருவதே இல்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு அவர் வகுப்பில் இருந்தாக வேண்டும். ஆளே இல்லாத மேடையைப் பார்த்து நான் யாரிடம் மறுத்துப் பேசுவது?

சுவரொட்டியும் பேச்சுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், பேச்சுதான். ஸ்டாக்கின் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டு எழுதலாம், பதவி விலகச் சொல்லியும் கோஷம் போடலாம். ஒருவர் தினமும் நடக்கும் வழியைத் தெரிந்துகொண்டு அங்கே அவர் பெயரை ஒட்டுவதும், முகத்தை மூடிக்கொண்டு நிற்பதும் வேறு. 2019 டிசம்பரில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், இதே சர்ச்சையில் சிக்கிய குற்றவியல் பேராசிரியர் ஜோ ஃபீனிக்ஸ் பேச இருந்தபோது துப்பாக்கிப் படம் போட்ட துண்டறிக்கை சுற்றியது. அதில் என்ன வாதம் இருக்கிறது? கூட்டத்தை ரத்து செய்த பல்கலைக்கழகம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

சரி, எதிர்ப்பக்கம். ஒரு திருநர் மாணவரைப் பழைய பெயரைச் சொல்லியே கூப்பிடுவது, வகுப்பில் எழுப்பி நிறுத்தி 'நீ உண்மையில் யார்' என்று கேட்பது, அவர் உடலைப் பற்றிச் சிரிப்பது எல்லாம் ஆய்வுச் சுதந்திரம் ஆகாது. அப்பட்டமான துன்புறுத்தல். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பாலின மாற்றத்தின் பெயரால் நடக்கும் தொல்லையைத் தடுக்கிறது. தன் கருத்தால் வேலை போனதென்று வழக்குப் போட்ட மாயா ஃபோர்ஸ்டேட்டருக்கு 2021-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு, பிறப்பால் அமைந்த பாலை மாற்ற முடியாது என்ற நம்பிக்கைக்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நிற்கிறார்கள், தோள் இடிக்காமல் இருக்குமா?

எனக்குக் கோபமெல்லாம் நிர்வாகத்தின் மேல்தான். பாடப்பொருள்கள் திருநர் வாழ்வை நேர்மறையாகவே காட்ட வேண்டும் என்று சசெக்ஸின் சமத்துவக் கொள்கையில் ஒரு வரி இருந்தது. நல்ல மனதோடு எழுதியிருப்பார்கள். ஆனால் நானும் வகுப்பெடுப்பவன். இப்படி ஒரு வரி தலைக்கு மேல் தொங்கினால் வம்பு எதற்கென்று அந்தத் தலைப்பையே தொடமாட்டேன். வகுப்பில் தன்னைப் பற்றிய பேச்சே எழாமல் போனால் திருநர் மாணவருக்கு என்ன லாபம்? 2025 மார்ச்சில் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு இந்தக் கொள்கையையும் வேறு சில நிர்வாகக் குறைகளையும் காட்டி 5,85,000 பவுண்டு அபராதம் போட்டது. பல்கலைக்கழகம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. வழக்கறிஞர்களுக்கு நல்ல காலம். தொல்லை கொடுக்கும் ஆளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுப்பது சிரமம், கொள்கையில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். அதனால்தான் பாதுகாப்பு என்ற சொல்லை, அடிதடியிலிருந்து காப்பதற்கும் பிடிக்காத கருத்து காதில் விழாமல் காப்பதற்கும் ஒன்றுபோல நீட்டிவிட்டார்கள்.

2023 மே 30 அன்று அதே ஸ்டாக் ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற விவாத மன்றத்தில் பேசினார். வெளியே பேரணி. உள்ளே ஒருவர் தரையோடு தன் கையைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டார். போலீஸ் வந்து பிரித்து அழைத்துப் போனது. பேச்சு கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடர்ந்தது.