பெரிய துப்பாக்கி இருந்தால் போதுமாம்

டெக்சஸ் நண்பர் ரிவால்வரால் பன்றியைச் சுட்டுப் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று சனிக்கிழமையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு இன்னொரு நண்பரும் வாட்ஸ்அப்பில் வந்து "நீங்க ஏன் அவர்கிட்ட அப்படிப் பேசினீங்க" என்று கேட்டதும் பொறுமை போய்விட்டது. அப்படி என்ன பேசிவிட்டேன்? "இந்தப் பன்றிக்கு இந்தக் குண்டு சரியில்லை" என்றேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில் உங்கள் எல்லாருக்கும் தெரியும். "பால்மரம் வெட்டினவங்க வீட்டுப் பிள்ளை எல்லாம் மேக்னத்துக்கு வகுப்பு எடுக்குது." பால்மரம் வெட்டுவது என்றால் ரப்பர் பால் எடுக்கும் தோட்ட வேலை, மேக்னம் அவர் ரிவால்வர். கூடவே ஒரு சிரிப்பு முகம். அதற்கு எத்தனை லைக்! போட்டவர்களில் பாதிப் பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டெக்சஸ் நண்பர் கையில் இருந்தது .44 மேக்னம் ரிவால்வர். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1950-களின் நடுவில் வந்ததிலிருந்து அமெரிக்காவில் மான், பன்றி, கரடி வரைக்கும் அதை வைத்து வேட்டையாடியிருக்கிறார்கள். ஆனால் வீடியோவின் தொடக்கத்தில் பெருமையாக ஒரு தோட்டாப் பெட்டியைக் காட்டினாரே, அங்கே நிறுத்திப் பாருங்கள். தற்காப்புக்கு என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கிறது. வீட்டுக்குள் திருடன் புகுந்தால் சுடுவதற்கென்று செய்த தோட்டா. அதைக் கொண்டுபோய், கோரைப்பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு முழு ஆண் பன்றியின் தோளில் இறக்குகிறார். ஆறும் காலி. பன்றி அலறிக்கொண்டு புதருக்குள் போகிறது. அதோடு வீடியோ முடிந்து பாட்டு ஆரம்பிக்கிறது. கீழே "மாஸ்", "தெறி", நெருப்புப் படம்.

பன்றி கிடைத்ததா என்று ஒருத்தர் கேட்கவில்லை. நான் கேட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

துப்பாக்கி எவ்வளவு பெரியது என்பதில் ஒன்றும் இல்லை, உள்ளே என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. .44 மேக்னத்தின் வழக்கமான குண்டு 240 கிரெயின் எடை, அதாவது பதினைந்தரை கிராம் இருக்கும், வினாடிக்கு 400 மீட்டர் வாக்கில் போகும். ரைஃபிள் குண்டு இதைப்போல இரண்டு மடங்கு வேகம். அந்த வேகத்தில் போகிற குண்டு தான் தொடாத சதையையும் சேர்த்துக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அது போட்ட துளைதான் அது செய்த வேலை. ஆகவே அந்தத் துளை ஆழமாகப் போக வேண்டும், இரண்டு நுரையீரலையும் கடந்து, முடிந்தால் அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். வெளியேறினால்தான் இரத்தம் தரையில் சொட்டும், தடம் பார்த்துப் போகலாம். தற்காப்புத் தோட்டா இதற்கு நேரெதிர். நுனியில் குழி வைத்திருப்பார்கள், உடம்புக்குள் போனதும் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும், பின்னால் நிற்கிற வேறு யார் மேலும் பாயக் கூடாது என்பதற்காக. வீட்டுக்கு நல்ல குணம்தான். பன்றிக்கு? ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் தடித்த கேடயம் ஒன்று இருக்கிறது, பன்றிகள் ஒன்றோடொன்று குத்திக்கொள்ளும்போது பல் உள்ளே இறங்காமல் தடுக்கிற கேடயம். விரிகிற குண்டு அதிலேயே விரிந்து, பாதி வழியில் சோர்ந்துவிடும். மிருகம் காயத்தோடு ஓடும், எங்கேயோ போய் மெதுவாகச் சாகும்.

இதெல்லாம் யூடியூப் பார்த்துப் பேசுகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்கு என்னை டெக்சஸில் உள்ள ஆஸ்டினுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கார் கொட்டகையில் மேசை போட்டுத் தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவன் நான். ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமணியும் கலந்து வார்த்த குண்டு, நுனி தட்டையாக, நகத்தால் கீறினால் லேசில் தடம் விழாது. சுற்றியுள்ள பள்ளத்தில் நீல நிற மெழுகு, வழிந்ததைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். தோட்டாவின் பித்தளைக் கூட்டு வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் மடக்கி அழுத்துவதில்தான் பாதி நேரம் போகும். ஏன் என்று கேட்டேன். ஒவ்வொரு முறை சுடும்போதும் ரிவால்வர் உதைக்கிற உதையில், மீதி அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி வருமாம். நுனி வெளியே நீட்டிவிட்டால் சிலிண்டர் சுற்றாது. எதிரே காயம்பட்ட பன்றி, கையில் சுற்றாத ரிவால்வர், யோசித்துப் பாருங்கள். அதனால் ஐந்தைச் சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்துக் கருவி வைத்து அளப்பார், நீளம் மாறியிருக்கிறதா என்று.

பன்றிக்குப் போகும்போது இந்தக் கெட்டிக் குண்டு. ஐடஹோவின் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்த வடிவம், விரியாது, நேராகத் துளைத்துக்கொண்டு போகும். மானுக்குப் போகும்போது வேறு பெட்டி, வேட்டைக்கென்றே செய்த, நிதானமாக விரியும் உறைபோட்ட குண்டு, மானின் உடம்பு மெல்லியது என்பதால். துப்பாக்கி அதேதான். அந்த மனிதர் ஒரு வீடியோவும் போட்டதில்லை.

"சரியான இடத்தில் சுட்டால் எந்தக் குண்டும் போதும்" என்கிறீர்கள். நியாயமான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் பன்றியின் இதயம் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவில், அந்தக் கேடயத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. சரியான இடத்தில் சுட்டாலும் குண்டு அங்கே போய்ச் சேர வேண்டுமே! "அப்படின்னா .500 வாங்கிடுவோம்" என்கிற தம்பிக்கு: வாங்குங்கள், .44-ஐவிடப் பெரிய ரிவால்வர்தான், ஆனால் அதற்கும் இலேசான குண்டு, கனமான குண்டு என்று பல ரகம் விற்கிறார்கள், அங்கேயும் இதே கேள்விதான் வரும். ஈயம் விஷம், கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். உண்மை. ஈயம் தின்று கழுகுகள் செத்தன. முழுச் செம்பில் செய்த வேட்டைக் குண்டு கிடைக்கிறது, அதைப் போடட்டும். அதுவும் குண்டைத் தேர்ந்தெடுக்கிற விஷயம்தானே!

வேட்டையே பாவம் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பன்றிப் பிரட்டல் படம் போடுகிறவர்கள் மட்டும் அதைச் சொல்ல வேண்டாம்.

"நீ துப்பாக்கி வச்சிருக்கியா" என்று கேட்டவருக்கு என்ன சொல்ல? இது மலேசியா. 1960 ஆயுதச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவைக் கூட வைத்திருக்க முடியாது. கைத்துப்பாக்கியோடு காட்டுக்குப் போவது இங்கே நினைத்தே பார்க்க முடியாத காரியம். ஆனால் என் தாய்மாமாவிடம் உரிமத்தோடு ஒரு பன்னிரண்டு போர் ரவைத் துப்பாக்கி இருந்தது. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம், ரப்பரை அழித்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வைத்த காலம், பன்றி வந்தால் இளங்கன்றுகளைக் குருத்தோடு தோண்டிப் போட்டுவிடும். மாமா பன்றிக்கு எஸ்ஜி என்கிற பெரிய ரவைத் தோட்டாவைத் தவிர எதையும் போட மாட்டார், ரவை ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல். பறவைக்கு வைத்திருக்கும் பொடி ரவைத் தோட்டாவைத் தனி டின்னில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவார், இருட்டில் கை மாறிவிடக் கூடாதென்று. உரிமம் வைத்திருந்த வேறொருவர் ஒருநாள் கையில் கிடைத்ததைப் போட்டுச் சுட்டார். தாய்ப் பன்றி, பின்னங்கால் சிதைந்து ஓடிவிட்டது. சுட்டவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். மாமாதான் டார்ச் லைட்டோடு விடிய விடியத் தேடினார், நானும் பின்னாலேயே போனேன். வாய்க்கால் ஓரம் கண்டுபிடித்து முடித்துவிட்டு வந்தவர் அந்தக் கறியில் ஒரு துண்டு தொடவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், பால்மரம் வெட்டினவர்தான்.

அவரைத்தான் நீங்கள் சிரிப்பு முகம் போட்டுச் சிரித்தீர்கள். எனக்குக் குண்டைப் பற்றித் தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் இரண்டு வரி பதில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு எதுவும் தெரியாது என்கிறீர்கள். அமெரிக்காவில் எட்டு வருடம் இருந்தால் தாத்தா எந்தத் தோட்டத்தில் வெட்டினார் என்பது மறந்துவிடுமா? பக்கத்து டிவிஷன்தானே, ஐயா!

பொது நண்பர்கள் சமாதானம் பேச வர வேண்டாம். என் கருத்தை நீக்கப் போவதில்லை, அவரையும் பிளாக் பண்ணப் போவதில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாராம், திறந்த இல்ல உபசரிப்புக்கு வழக்கம்போல அழைப்பு அனுப்பியாகிவிட்டது. வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். லைக் போட்டவர்களும் வரலாம், சாப்பாடு பதினொரு மணிக்கு மேல்.